ஆவாரம் நிறத்துச் சீமை

1931ஆம் வருஷம் தை மாதம் வேலூர்க் கோட்டை மைதானத்தில் பெரிய பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ஆம்பூர்த் தோல் வியாபாரி நிசார் அஹமது தம் சரக்கைக் காட்சிக்கு வைக்க அங்கே ஒரு கொட்டகை எடுத்திருந்தார். வருகிறவர்களுக்குத் தோலைப் பற்றி எடுத்துச் சொல்ல, தம்மிடம் தோல் ஊறும் தொட்டிகளுக்கு மேஸ்திரியாக இருந்த மாசிலாமணியை முன்னதாகவே அனுப்பி வைத்தார்.

மாசிலாமணிக்கு ஒரே மகள், ராகேல். வேலூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்தவள். ஆம்பூரில் வெளியாண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்களுக்கு வீடு தேடிப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுப்பது அவள் உத்தியோகம். நிசார் அஹமதுவின் மனைவி பில்கிஸும் அவளிடம்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பாடம் முடிந்த பிறகும் பேச்சு முடியாது. பில்கிஸ் கேட்காத கேள்வி இல்லை. ரயில் எப்படி ஓடுகிறது, சமுத்திரம் ஏன் உப்புக் கரிக்கிறது, லண்டனில் நம் தோலை என்ன செய்கிறார்கள் என்று ஒன்று விடாமல் கேட்பாள்.

பொருட்காட்சியில் தினமும் பிற்பகலில் கோஷா நேரம் உண்டு. ஆண்கள் யாரும் வராதபடி பெண்கள் கூடாரத்தைச் சுற்றித் துணி கட்டிவிடுவார்கள். பில்கிஸுக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும். "டீச்சரம்மா கூட வந்தாத்தான் அனுப்புவேன்" என்றார் நிசார் அஹமது. ராகேல் சந்தோஷமாகச் சம்மதித்தாள்.

காட்பாடியில் ரயில் இறங்கி, திரை போட்ட ஜட்காவில் பாலாற்றைக் கடந்து வந்தார்கள். மணல்தான் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. நடுவே ஒரு கோடு போலத் தண்ணீர். திரையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள் பில்கிஸ்.

நிசார் அஹமதுவின் தோல் கொட்டகைக்கு முதுகு காட்டினாற்போல அடித்திருந்தார்கள் பெண்கள் கூடாரத்தை. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கித்தான் சுவர். கூடாரத்துக்குள் ஜமக்காளம் விரித்து நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். பில்கிஸ் புர்காவின் முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு முன்வரிசையில் இடம் தேடினாள். பக்கத்தில் பட்டுப்புடவையும் வைரத் தோடுமாக இருந்த அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். வேலூர் வக்கீல் வீட்டு ரங்கம்மாள் அவள்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"ஆம்பூருங்க" என்றாள் பில்கிஸ்.

"ஐயோ, ஆம்பூரா! ரயில்ல போறப்போ ஜன்னல சாத்திப்போம். அந்தத் தோல் நாத்தத்துல எப்படித்தான் இருக்கீங்களோ!" ரங்கம்மாள் வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். ஆனாலும் அவளுக்கு அப்பால் இருந்த இரண்டு பேர் முந்தானையை மூக்கருகே கொண்டுபோனார்கள்.

பில்கிஸின் முகம் சிவந்துவிட்டது. ராகேலுக்கு இது புதிதல்ல. மிஷன் பள்ளிக்கூட விடுதியில் முதல் வருஷமே இதைக் கேட்டுப் பழகியவள் அவள். லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம் அவள் பெட்டியைத் தனியாக வைக்கச் சொன்ன பெண்கள் இருந்தார்கள். அப்போதெல்லாம் அவள் பதில் பேசியதில்லை. நன்றாகப் படித்தாள், அவ்வளவுதான்.

கூடாரத்தின் நடுவே ஒரு மரச்சட்டத்தில் பெரிய எண்ணெய்ச் சாயப் படம் ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் அருகில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள் நின்றிருந்தாள். ஓய்வுபெற்ற ஜட்ஜு துரையின் மனைவி விட்கம் துரைசானி. வேலூரிலேயே பல காலம் இருந்து தமிழ் பேசப் பழகியவள்.

"இது நான் பிறந்த கிராமம். என் தம்பி வரைந்த படம்" என்று நிதானமாகச் சொன்னாள். "இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்லுங்கள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? நன்றாகச் சொல்கிறவர்களுக்கு வெள்ளிப் பதக்கம்."

அவளோடு ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவரும் ஒரு ஜமீன் வீட்டு அம்மாளும் நடுவர்களாக உட்கார்ந்தார்கள்.

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். சேறு படிந்த ஒரு வண்டிப்பாதை. அதில் நாலைந்து மாடுகள் தலையை ஆட்டிக்கொண்டு வருகின்றன. பின்னால் கோலோடு ஒருவன். பாதை முடிகிற இடத்தில் மரப்படல் ஒன்று திறந்து கிடக்க, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், நெற்றியில் கை வைத்து இந்தப் பக்கமே பார்க்கிறாள். அறுத்து முடித்த வயல், போர் போட்ட வைக்கோல், தூரத்தில் மாதா கோவில் கோபுரம், மெல்லிய புகை. இவை எல்லாவற்றையும் மூடினாற்போல மரங்கள். ஒன்றிலாவது பச்சை இலை இல்லை. மஞ்சளும் பொன்னும் செம்பும் பழுப்புமாக இலைகள். பாதி மரத்தில், பாதி தரையில்.

முதலில் எழுந்தவள் ரங்கம்மாள்தான். "இது பிருந்தாவனம் மாதிரி இருக்கு. மரமெல்லாம் பொன்னாக் காய்ச்சிருக்கு. அந்தப் பொண்ணு கண்ணனத் தேடிட்டு நிக்கறா. அவன் மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கான்" என்றாள். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

அடுத்து விரிஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடியானவப் பெண் எழுந்தாள். "எனக்குப் படிப்பெல்லாம் கெடையாதுங்க. பாத்தா மழ இல்லாத ஊரு மாரி கீது. மரம் பூரா காஞ்சி போயிட்ச்சி. தீனி போட முடியாம மாட்ட சந்தைக்கு ஓட்டினு போறான். அந்தம்மா வயிறெரிஞ்சி பாத்துனு நிக்குது." பலர் உச்சுக் கொட்டினார்கள். பாலாற்று மணலைக் கடந்து வந்தவர்களுக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை.

மூன்றாவதாக ஒரு பள்ளிக்கூட ஆசிரியை பேசினாள். "சீமையில் இதை இலையுதிர் காலம் என்பார்கள். வருஷத்துக்கு வயதாகிவிட்டது. இலை உதிர்வது போல மனித வாழ்க்கையும் ஒருநாள் உதிர்ந்துவிடும் என்று ஓவியர் காட்டுகிறார். அந்தப் பெண் திரும்பி வராத ஒருவருக்காகக் காத்திருக்கிறாள்" என்று அழகான தமிழில் தடங்கலில்லாமல் சொன்னாள். விட்கம் துரைசானி தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வேறே யாராவது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

பில்கிஸ் ராகேலின் முழங்கையை இடித்தாள். "நீங்க பேசுங்க டீச்சரம்மா."

"நானா? வேணாம் பீபி."

"இன்னா வேணாம்? வந்ததுலேருந்து அந்தப் படத்த முழுங்கற மாதிரி பாத்துட்டு இருக்கீங்க. உங்க மனசுல ஒண்ணு இருக்கு. எனக்குத் தெரியாதா? எழுந்திருங்க."

ராகேல் எழுந்தாள். உண்மையில் அவள் மனத்தில் ஒன்று இருந்தது. படத்தைப் பார்த்த கணமே அந்த நிறம் அவளுக்குத் தெரிந்த நிறமாக இருந்தது. எங்கே பார்த்தோம் என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் தன்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சற்று முன்னால் மூக்கருகே போன அந்த முந்தானைகளைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

"எனக்கு ஆம்பூர்" என்று ஆரம்பித்தாள். "எங்க நைனா தோல் பதனிடற ஷாப்புல தொட்டி மேஸ்திரி."

முன்வரிசையில் ஒரு சலசலப்பு. ராகேல் அது அடங்கும்வரை காத்திருந்தாள். ஆசிரியப் பயிற்சியில் வந்த பழக்கம் அது.

"இது பஞ்சம் வந்த ஊரு இல்லீங்க. விரிஞ்சிபுரத்து அம்மா சொன்னதக் கேட்டப்போ எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா வண்டித்தடத்தப் பாருங்க, தண்ணி நிக்குது. மாட்டப் பாருங்க, ஒண்ணுக்காவது விலா எலும்பு தெரியுதா? இவ்ளோ வைக்கோல் போர் போட்டவன் மாட்ட விக்க மாட்டான். அவன் சந்தைக்குப் போகல. வீட்டுக்கு வர்றான்."

விரிஞ்சிபுரத்துப் பெண் எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். "ஆமாங் கண்ணு, தண்ணி நிக்குது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, நிம்மதியாகப் போய் உட்கார்ந்தாள்.

"அப்புறம் இந்த இலைங்க. உதிர்றது நெஜந்தான். பழுத்துப் போன இலைய நாம எல்லாரும் பாத்திருக்கோம், அதனால சாவு ஞாபகம் வருது. எனக்கு அப்படி வரல. நான் சின்ன வயசுலேருந்து இந்த நிறத்த வேறே எடத்துல பாத்திருக்கேன். எங்க ஊர்ல தோலு வர்றப்போ ரத்தமும் உப்புமாத்தான் வரும். அப்படியே விட்டா ஒரு வாரத்துல அழுகிப் போயிடும். அத சுண்ணாம்புல போட்டு, மயிரு வழிச்சு, சதை எடுத்து, ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊறப் போடுவாங்க. நைனா தெனம் அதத் தூக்கிப் பாப்பாரு. வெளுப்பா இருந்தா திரும்ப உள்ள போட்டுடுவாரு. ஒரு நாளு இந்த நிறம் வரும். இதோ, இந்தப் பெரிய மரத்துல நடுவுல இருக்குதே, அதே நிறம். அது வந்துட்டா வேலை முடிஞ்சிதுன்னு அர்த்தம். அப்புறம் அந்தத் தோலு அழுகாது. கப்பல் ஏறிச் சீமைக்குப் போயி, செருப்பாவும் புஸ்தக அட்டையாவும் நம்ம காலத்துக்கு அப்புறமும் இருக்கும். இந்த நிறம் எங்களுக்குச் சாவோட நிறம் இல்லீங்க. கெட்டுப் போகாம நிக்கிறதோட நிறம்."

அவள் குரல் தானாகவே உயர்ந்திருந்தது.

"அதனால, இந்தப் படத்துல எனக்குத் தெரியறது வேலைய முடிச்ச ஒரு ஊரு. வயலு அதோட வேலைய முடிச்சிது. மரமும் முடிச்சிது. மாடும் மேஞ்சு முடிச்சு வீட்டுக்கு வருது. அந்தப் பொண்ணு துக்கமா நிக்கல. படல முன்னாடியே தெறந்து வெச்சிருக்கா பாருங்க. வர்றவங்க வருவாங்கன்னு தெரிஞ்சவதான் தெறந்து வெப்பா."

ரங்கம்மாள்தான் கேட்டாள். கேலியாக இல்லை, நிஜமான சந்தேகத்தோடு. "தோலுன்னா கறுப்பாத்தானே இருக்கும்? இந்த நிறத்துலயா இருக்கும்?"

ராகேல் பதில் சொல்வதற்குள் பில்கிஸ் எழுந்துவிட்டாள். விறுவிறுவென்று பின்பக்கத்துக் கித்தான் சுவரண்டை போய், "ஏங்க! யாரு இருக்கீங்க அந்தப் பக்கம்? நல்ல தோலா ஒண்ணு உள்ள அனுப்புங்க!" என்று உரக்கச் சொன்னாள்.

அந்தப் பக்கத்திலிருந்து உடனே "இதோம்மா" என்று பதில் வந்தது. அவ்வளவு அருகிலிருந்து வந்ததில் எல்லோரும் திடுக்கிட்டார்கள். மாசிலாமணி கித்தானில் காதை வைத்துக்கொண்டுதான் நின்றிருந்தார். ராகேலின் குரல் கேட்டதும் கொட்டகைக்கு வந்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு வந்தவர், கடைசிவரை நகரவில்லை. அவருக்குப் பக்கத்தில் முதலாளி நிசார் அஹமதுவும் நின்றிருந்தார். ஒரு மேஸ்திரியும் முதலாளியும் ஒரே துணிச்சுவரில் காது வைத்து நின்ற காட்சியை ஆம்பூர்க்காரர்கள் பின்னால் வெகு நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

கித்தானின் அடிப்பக்கம் உயர்ந்தது. இரண்டு கைகள் உள்ளே வந்தன. முழங்கைவரை கறையேறிய கைகள். நகக் கண்கள் எல்லாம் பழுப்பு. அந்தக் கைகள் ஒரு முழுத்தோலை, மடிப்புக் கலையாமல், குழந்தையைக் கொடுப்பது போல நீட்டின.

பில்கிஸ் கை நீட்டுவதற்குள் ராகேல் போய் வாங்கிக்கொண்டாள்.

"எங்க நைனா" என்று கூடாரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அவளும் பில்கிஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தோலை விரித்து, படத்துக்குப் பக்கத்தில் உயர்த்திக் காட்டினார்கள். கூடாரத்து முகட்டிலிருந்து விழுந்த வெளிச்சம் இரண்டின் மேலும் ஒரே மாதிரி பட்டது. பெரிய மரத்தின் நடுப்பகுதியும் தோலும் ஒரே நிறம். யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சிலர் வந்து தொட்டார்கள். விரிஞ்சிபுரத்துப் பெண் இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். சிலர் தொடவில்லை. ஜமீன் வீட்டு அம்மாள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். ரங்கம்மாள் தொடாமல், ஆனால் நன்றாகக் குனிந்து மோந்து பார்த்தாள்.

"நாத்தமே இல்லையே! மழை பேஞ்ச தோப்பு மாதிரி வாசனை வருதே" என்றாள். பிறகு விட்டுக்கொடுக்காமல், "ஆனா ரயில்ல வர்ற நாத்தம் நெஜந்தான்" என்றும் சொன்னாள்.

"நெஜந்தாங்க" என்று ராகேல் சிரித்தாள். "அது ஆரம்பத்துல வர்ற நாத்தம். நீங்க முடிவ இப்பத்தான் பாக்கறீங்க."

விட்கம் துரைசானி கடைசியாக வந்தாள். ஒரு கையைத் தோலின் மேலும் இன்னொரு கையைப் படத்தின் சட்டத்தின் மேலும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என் தம்பி மகா யுத்தத்தில் இறந்துபோனான்" என்றாள். "அதற்குப் பிறகு இந்தப் படத்தை நான் அழாமல் பார்த்ததில்லை. இது சோகமான படம் என்றே நினைத்துவிட்டேன். ஆனால் இதை வரைந்த நாளில் அவன் சீட்டி அடித்துக்கொண்டே வரைந்தான். நான் பக்கத்தில் இருந்தேன். எப்படி மறந்தேன்?"

நடுவர்கள் மூவரும் தனியாகப் போய்ப் பேசினார்கள். பேச்சு கொஞ்சம் நீண்டது. திரும்பி வந்து, முதல் பரிசாகிய வெள்ளிப் பதக்கம் பள்ளிக்கூட ஆசிரியைக்கு என்று அறிவித்தார்கள். ராகேலுக்கு இரண்டாம் பரிசு, ஒரு பாராட்டுப் பத்திரம். அதற்குத்தான் கூடாரம் முழுக்கக் கை தட்டியது. தோலைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்ததை ஜமீன் வீட்டு அம்மாள் ஒப்பவில்லை என்று டாக்டரம்மா பிறகு மெதுவாகச் சொன்னார். சாஸ்திரப்படி இலையுதிர் காலத்தை விளக்கியவருக்கே முதலிடம் என்று தாமும் நினைத்ததாக மறைக்காமல் சொன்னார்.

பில்கிஸுக்குத் தாங்கவில்லை. "ஒரே பேஜாரா இருக்கு டீச்சரம்மா. கை தட்டினது பூரா உங்களுக்கு, பதக்கம் அவங்களுக்கா? நான் எங்க வீட்டுக்காரரண்ட சொல்லி உங்களுக்குத் தங்கத்துலயே பதக்கம் பண்ணச் சொல்றேன்!"

"வேணாம் பீபி. நான் பேசணும்னு நெனச்சத பேசிட்டேன்." ராகேல் உண்மையாகவே அப்படித்தான் உணர்ந்தாள். பதக்கம் வாங்கிய ஆசிரியையிடம் தானே போய்க் கைகொடுத்தாள். அந்த ஆசிரியை அவள் கையை விடாமல், "ஆம்பூருக்கு ஒருநாள் வரட்டுமா? எங்க பொண்ணுங்களக் கூட்டிட்டு வர்றேன். அந்தத் தொட்டிகளக் காட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

கோஷா நேரம் முடிந்து வெளியே வந்தபோது மாசிலாமணி கொட்டகை வாசலில் நின்றிருந்தார். மகளைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கட்டினார். நிசார் அஹமதுதான் பேசினார்.

"அதோ பாருங்க டீச்சரம்மா, மத்தியானம் கொட்டகைக்கு நாலு பேரு வந்தா ஜாஸ்தி. இப்பப் பாருங்க." பெண்கள் கூடாரத்திலிருந்து வெளியேறியவர்கள், அவர்களைக் கூட்டிப்போக வந்த ஆண்களையும் இழுத்துக்கொண்டு, தோல் கொட்டகையில் நுழைந்துகொண்டிருந்தார்கள். ரங்கம்மாள் தன் வக்கீல் புருஷனிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

"ராகேலு" என்றார் மாசிலாமணி கடைசியில். "அவ்ளோ பேரு நடுவுல என் வேலையச் சொன்னியே."

"சொல்லக் கூடாதா நைனா?"

"நான் சொல்லினு கீறேன், அஞ்சு நாளா. இந்தத் தோலு இத்தினி தொட்டி மாறுது, இவ்ளோ பட்ட போடறோம்னு. நீ சொன்ன மாரி எனக்குச் சொல்ல வரலியே." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் படத்த எனக்குக் காட்றியா?" என்றார்.

மறுநாள் காலையில் ஆண்களும் வரலாம். பில்கிஸ் உறவினர் வீட்டில் தங்கிவிட்டதால் ராகேலும் இருந்தாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள். மாசிலாமணி செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தின் முன் நின்றார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். மரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கண்கள் மாடுகளுக்குப் போயின.

"மொத மாடு நல்ல மாடு. முதுகுல ஒரு உண்ணிக்கடி இல்ல, முள்ளுக் கீறல் இல்ல. தோலு கண்ணாடியா வரும்."

"நைனா! அது வீட்டுக்குப் போவுது, விட்டுடுங்க" என்று ராகேல் சிரித்துவிட்டாள்.

"சரி, விட்டேன்." இன்னும் கொஞ்சம் கிட்டே போனார். "ஆனா நீ ஒண்ணு தப்பாச் சொல்லிட்ட கண்ணு. அந்தப் பொம்பள சும்மா பாத்துனு நிக்கல. வாயப் பாரு, தெறந்து கீது. அவனக் கூப்புடறா. சோறு ஆறிப் போவுது, சீக்கிரம் வாய்யான்றா."

ராகேல் குனிந்து பார்த்தாள். நெற்றிக் கையின் நிழலில் அந்த முகம் ஒரு கடுகளவுதான் இருந்தது. வாய் திறந்திருந்த மாதிரியும் இருந்தது, மூடியிருந்த மாதிரியும் இருந்தது.

"இருக்கலாம் நைனா" என்றாள்.

காவலுக்கு நின்ற ஆள் பக்கத்தில் வந்தான். "யாருய்யா நீ? ரொம்ப நேரமா நிக்கற. தள்ளு, மத்தவங்க பாக்க வேணாமா?"

மாசிலாமணி நிமிர்ந்தார். தொட்டி ஓரத்தில் குனிந்து குனிந்து வளைந்திருந்த முதுகு அன்றைக்கு எப்படி அவ்வளவு நேராக நின்றது என்று ராகேலுக்கே தெரியவில்லை.

"நேத்து இந்தப் படத்தப் பத்திப் பேசினாங்களே ஆம்பூர் டீச்சரம்மா, அவங்க நைனா நானு" என்றார்.

காவல்காரன் ராகேலைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான். அவன் வீட்டுப் பெண்களும் நேற்று கூடாரத்தில் இருந்திருக்க வேண்டும். "அப்படியா! சொல்லவே இல்லையே. பாருங்க, பாருங்க" என்று வழி விட்டான். பின்னால் நின்றிருந்த நாலைந்து பேர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு நெருங்கி வந்தார்கள். அவர்களில் ஒருவர், "அந்த மரம் ஏங்க மஞ்சளா கீது?" என்று மாசிலாமணியைக் கேட்டார்.

மாசிலாமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கறையேறிய விரலை நீட்டி, வண்டித்தடத்துத் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தார்.